கீழே இறுக்கம், மேலே தளர்வு

— அசையாதீங்க. பிரிக்கிறேன்ல... ஐயோ! இது என்ன கண்றாவி?

— என்ன ஆச்சு?

— முட்டிக்குக் கீழ பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கு! காலைல நான் பேண்டேஜ் கட்டுனப்ப இப்படி இல்லையே.

— மத்தியானம் அவிழ்ந்துடுச்சு. நானே கட்டிக்கிட்டேன்.

— எப்படிக் கட்டுனீங்க?

— கட்டுற மாதிரிதான்...

— கீழ இறுக்கமா, மேல போகப் போகத் தளர்வா. நர்ஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களா இல்லையா? நீங்க மேல கழுத்தை நெரிக்கிற மாதிரி இறுக்கி, கீழ தொளதொளன்னு விட்டிருக்கீங்க. வீங்காம என்ன செய்யும்?

— மறந்துட்டேன்.

— போன தடவையும் மறந்துட்டீங்க. அதுக்கு முந்தின தடவையும்...

— கத்தாத. கட்டைவிரல் வேற அரிக்குது.

— எந்தக் கட்டைவிரல்?

— இல்லாததுதான்.

— அதை ஆஸ்பத்திரில போய்த் தேடித்தான் சொறிஞ்சு விடணும். பேச்சை மாத்தாதீங்க! செயற்கைக் காலுக்கு அளவெடுக்க நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. இந்த வீக்கத்தோட போய் நின்னா?

— வத்தினப்புறம் வாங்கன்னு...

— மூணாவது தடவை! அந்த அளவெடுக்கிறவர் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கே... புருஷனை ஒழுங்கா கவனிக்காதவள்னு நினைக்கிறார்.

— அவர் ஏன் அப்படி நினைக்கப் போறாரு...

— பேசாதீங்க. பட்டறையில கால் மேல மோட்டார் விழுந்தப்பவும் இதே கதைதான். சின்னக் கீறல்னு துணியைச் சுத்திக்கிட்டுப் பத்து நாள் வேலைக்குப் போனீங்க. உடம்புல சுகர் வேற. கடைசியில காலையே எடுக்க வேண்டியதாச்சு.

— அப்ப நீ பக்கத்துல இல்லையே, திட்டறதுக்கு.

— ஓ... அதுவும் என் தப்பா? நான் கோவிச்சுக்கிட்டுப் போய் ரெண்டு வருஷம். ஒரு போன் உண்டா? சரி, காலைக் காட்டுங்க. காயம் நல்லாத்தான் ஆறியிருக்கு. தையல் போட்ட இடம் காஞ்சிடுச்சு, சீழ் இல்ல. இந்த வீக்கம் மட்டும்தான்... இருங்க. இத்தனை வருஷமா நீங்க என்ன வேலை பண்ணீங்க?

— மோட்டாருக்குக் காயில் கட்டினேன். தெரியாத மாதிரி கேக்குற?

— தலைமுடி கனத்துக் கம்பிய, ஒரு சுத்து கூடாம குறையாம கட்டுற கை. அந்தக் கைக்கு நாலு முழத் துணியைச் சுத்தத் தெரியலையா?

— அது வேற, இது வேற...

— என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. வேணும்னே தப்பா கட்டுனீங்களா?

— வந்த அன்னிக்கு நீதானே சொன்ன? 'நீங்க எழுந்து நடக்குற வரைக்கும்தான் இருப்பேன், அப்புறம் என் வாடகை ரூமுக்கே போயிடுவேன்'னு.

— அதுக்கு?

— நான் நடந்தா நீ போயிடுவ. எனக்கு... வேற வழி தெரியல.

— அட மடச் சாம்பிராணி! அந்த ரூமை, உங்களுக்கு ஆபரேஷன் ஆன மறுநாளே காலி பண்ணிட்டேன். சொன்னா இப்படியே படுத்துக்குவீங்க, எழுந்து நடக்க ரோஷம் வராதுன்னுதான் சொல்லல. நீட்டுங்க காலை, நான் கட்டுறேன்.