ஏறுக்குமாறு பூலோகம்

கையப் புடிச்சித் தள்ளாத சிஸ்டர், நானே வெளியிலதான நிக்கேன். தப்புதான், ஐசியூவுல கத்துனது தப்புதான். அதான் சொன்னம்லா, எம்புருசன் ஏறுக்குமாறு புடிச்ச ஆளு. பேச்சு பாதியில நிக்கு. ஒரு நிமிசம் உள்ள விடு, முடிச்சிட்டு வந்துருதேன்.

என்னது? ஏறுக்குமாறுன்னா என்னவா? ஜாக்குலின்னு பேரு போட்டிருக்கு, தமிழு பேசுத, இது தெரியாதா? இங்க பம்பாயில செம்பூர்லயே பொறந்த புள்ளயா, அப்பச் சரி. நீ ஆமான்னா எதுத்த ஆளு இல்லம்பான். நீ இல்லன்னா ஆமாம்பான். அதாம்மா. தாராவியில வந்து பூலோகம் வீடு எதுன்னு கேளு, யாரு, ஏறுக்குமாறு பூலோகமான்னுதான் கேப்பாவ.

அந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சின்னு நான் என்னத்தக் கண்டேன்? பக்கத்து வீட்டு சுடலைக்கண்ணன், ரயில்ல ஏறு, தப்புன்னா எறங்கி மாறு, அப்படி வந்ததும்பான். இவுககிட்டக் கேட்டேன். அப்படியொரு சொல்லே கெடையாதுன்னுட்டாவ.

ரயிலுன்னதும் நெனப்பு வருது. மாட்டுங்காவுல ஒரு கல்யாணம். சயான்லேருந்து அடுத்த ஸ்டேசன்தான. வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்காம, இந்தப் பக்கத்து வண்டிதான்னு சொல்லிட்டேன். எதுத்த வண்டியில ஏறி ஒரு மணி நேரம் தள்ளி உல்லாஸ்நகர் போயிட்டாவ. தப்பா வந்துட்டேன்னு ஒத்துக்கிட்டாவளா? இங்கதான் சோலி இருந்துச்சின்னு ஒரு டிரெஸ்ஸிங் டேபிள டெம்போவுல ஏத்திட்டு வந்து நிக்காவ! எங்க ஒத்த ரூம்பு கோலியில காலு நீட்டவே எடமில்ல. இப்ப அது மேலதான் கேஸ் அடுப்பு. கண்ணாடியப் பாத்துக்கிட்டேதான் தோச சுடுதேன்.

சிரி, சிரி. எங்க கல்யாணமே அப்படித்தான். பொண்ணு பாக்க சாத்தான்குளத்துக்கு வந்தாவ. எங்க மாமனாரு வெவரமான ஆளு. மவனத் தனியாக் கூப்புட்டு, இந்தச் சொர்ணம் நமக்கு வேண்டாம்டேன்னாராம். அன்னைக்கே பேசி முடிச்சிட்டாவ. நானும் அந்த வித்தயப் புடிச்சிக்கிட்டேன். குடிக்காதீங்கன்னு சொன்னதே கெடையாது. நல்லாக் குடிங்கன்னேன், விட்டுட்டாவ. நேத்து ஊசிக்குக் கை நீட்ட மாட்டேன்னாவல்லா, நீயுந்தான் நின்ன. இந்தாளுக்கு எதுக்கு டாக்டர் ஊசி, வேஸ்ட்டுன்னேன். நீட்டுனாவளா இல்லையா?

ஆமா, இன்னைக்கு செத்துத் தொலைங்கன்னு கத்துனதும் அதுக்குத்தான். இன்னைக்குப் பொழுது தாண்டுனாத்தான் ஆளு நமக்குன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இந்த மனுசங்கிட்டப் போயி நல்லாருங்கன்னு சொல்லிர முடியுமா? நீயே சொல்லு.

கோவமா? ஒம்மேல எனக்கென்ன கோவம். நீ வந்து என்னைய இழுக்கதுக்கு முந்தி, எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் கெடந்தாவ. அப்புறம், சரி சொர்ணம்னாவ. தாலி கெட்டுன நாள்லேருந்து அந்த வாயில சரிங்குற சொல்ல நான் கேட்டதேயில்ல தாயி. உள்ள விடு. போயி ஒரு சண்டையாவது இழுக்கணும்.