மூணு கத்திரி முடி

எலியா இருக்கும் அத்தே. கிரிச் கிரிச்னுதானே கேக்குது? கரண்ட் கட்டாகி தெருவுல தறியெல்லாம் நின்னுபோச்சில்ல, நகரியில இப்பதான் எலி நடக்கறதுகூடக் காதுல விழுது. எழுந்துக்காதீங்க. விஜயபுரத்துல இருந்து பஸ்ல நின்னுக்கினே வந்திருக்கீங்க, பையைக் கீழ வைங்க.

காலையில மொட்டை போட திருமலைக்கு வரமாட்டேன்னு நான் சொல்லவேயில்லத்தே. உங்க புள்ளைக்கு அமெரிக்கா விசா வந்தா மருமக மொட்டை போடுவான்னு வேண்டிக்கினது நீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? மொட்டைக்குப் பயந்துக்கினு அன்னிக்கு மூணு கத்திரி முடி மட்டும் குடுத்துட்டு எறங்கிட்டேன். பொம்பளைங்க முக்காவாசிப் பேர் அப்படித்தானே குடுக்கறாங்க? அதுக்காக ஏழுமலையான் ரெண்டு வருசம் பொறுத்துக்கினு இருந்து, கடல் தாண்டிப் போயி உங்க புள்ள வேலையில கத்திரி வெச்சிட்டாருன்னா எப்படி?

சித்தூர் கான்வென்ட்ல, எத எத வெட்டுறதுக்கு இங்கிலீசுல என்னா வார்த்தைன்னு சிஸ்டர் எங்களுக்கு உருப்போட வெப்பாங்க. புல்லுன்னா மோ, ஆட்டு ரோமம்னா ஷியர், ரொட்டின்னா ஸ்லைஸ், வெங்காயம்னா சாப், மரம்னா ஆக்ஸ். மனுசங்களையும் அப்படியே வெட்டலாம்னு மட்டும் சொல்லித் தரல. அவரு கம்பெனியில முதல்ல செலவ டிரிம் பண்றோம்னாங்களாம், ஆபீசுல டீயோட குடுக்கற பிஸ்கட்டு போச்சு. அப்புறம் சம்பளத்த ஸ்லாஷ். கடைசியில ஆளுங்களுக்கே ஆக்ஸ். போற அன்னிக்கு கேக் வெச்சாங்களாம். அத மட்டும்தான் கட் பண்ணாங்க.

ஆமா, போன வாரம் அவரு பேசறப்ப போன் கட்டாயிடுச்சு. நடுவுல புத்தூர், புத்தூருன்னு கண்டக்டர் கூவுனது உங்களுக்கும் கேட்டுச்சா? அமெரிக்காவுல நம்ம ஜனங்க நெறைய பேரு கீறாங்கத்தே.

பாப்பாவா? தூக்கத்துல நைனா நைனான்னு அப்பாவத்தான் கூப்புடுது. போட்டோ பாத்துப் பழகிடுச்சு.

எந்த எலி இவ்ளோ நேரமா ஒரே எடத்துல வெட்டுதுன்னா... சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அது நான் ஜாக்கெட்டு வெட்டுற கத்திரிக்கோலு. ஒரு மாசமா வளந்த தாடிய உள் ரூமு இருட்டுல உங்க புள்ளையே வெட்டிக்கினு கீறாரு. ரங்கையா சலூனுக்குப் போனா ஒரு ஷேவிங் முடியறதுக்குள்ள ஊரு பூரா தெரிஞ்சிடுமே.

விடியறதுக்குள்ள மலையேறி, எம்மேல பாக்கி கீற மொட்டைய அவரே போட்டுக்கப் போறாராம். மொட்டையோட தெருவுல எறங்கி நடந்தா, அமெரிக்காவுல இருந்து ஏன் வந்தேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்களாம். வேண்டுதலுக்கு வந்தான்னு அவங்களே சொல்லிக்குவாங்களாம். என் முடியும் தப்பிச்சிடும், அவரு மானமும் தப்பிச்சிடும்.

அவ்ளோ சத்தமா கூப்பிடாதீங்கத்தே, பக்கத்து வீட்டுல முழிச்சிக்கினு கீறாங்க. ஊருக்கு சமாதானம் கண்டுபுடிச்சிட்டாரு. உங்களுக்கு இன்னா சொல்றதுன்னுதான் தெரியாம கெடக்கறாரு.

கேட்டீங்களா? இது கத்திரி சத்தம் இல்ல. உங்க குரலு கேட்டு, உங்க புள்ள உள்ள தாப்பா போட்டுக்கினாரு.