நண்டுகள் மேலேறிய வாரம்

நத்தைக்குப் பல் உண்டு என்றால் யாரும் எளிதில் நம்புவதில்லை. ஆயிரக்கணக்கில் உண்டு, ஐயா. பதினான்கு வருடமாக நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான், நீங்கள் விசாரிக்கும்போதும் பழக்கம் விடவில்லை.

ஊர் பருத்தித்துறை. கடற்கரையில் சங்கும் சோழியும் பொறுக்கி வளர்ந்த எனக்கு, மலையில் அவற்றின் சொந்தக்காரரான நத்தைகளைக் காட்டியவள் விஜயலெட்சுமி. ஊற்றுக்குக் கீழே உள்ள லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்து கொழுந்து பறித்தவள். அட்டை எந்தப் புல்லில், மரவட்டை எந்தச் சருகில், நண்டு எந்த ஊற்றுக்கண்ணில் என்று எல்லா வீட்டு விலாசமும் அவளுக்கு மனப்பாடம். ஒருநாள் லயத்துக்கு மேலே ஈரப் பாறையில் இருந்த மஞ்சள் ஓட்டு நத்தை ஒன்றைச் சேம்பிலையில் பொதிந்து கொண்டுவந்தாள். என்னிடமிருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அந்த ஒரு பாறையைத் தவிர வேறெங்கும் அதை நான் காணவுமில்லை.

ஐப்பசி மழையில் மறுபடி வந்தாள்.

"சேர், ஊத்துத் தண்ணி கலங்கி வருது. நண்டெல்லாம் மேல ஏறிப் போகுதுங்க. பாறைகிட்ட தரை வெடிச்சிருக்கு. ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்களேன்."

அந்த லயத்து மனுக்களையெல்லாம் நான்தான் எழுதுவேன்.

"நானே எழுதி அனுப்புறன். நீங்கள் யோசிக்காதேங்கோ."

எழுதினேன். அனுப்பவில்லை. அனுப்பினால் அதிகாரிகள் வந்து, குழாய் இறக்கி ஊற்றை வடித்துவிடுவார்கள்; பாறை காய்ந்துபோகும். பக்கத்து மலையில் தரை வெடித்தபோது அப்படித்தான் நடந்தது. அங்கே இப்போது ஒரு நண்டுகூடக் கிடையாது. பாறையில் மஞ்சள் நத்தைகள் முட்டையிட்டிருந்தன. பொரிக்க இரண்டு கிழமை போதும். அதுவரை யார் கண்ணிலும் படாதபடி வெடிப்பைச் சருகும் மண்ணும் போட்டு மூடினேன்.

சேர் எழுதிவிட்டார், இனிப் பயமில்லை என்று அவள் லயம் முழுக்கச் சொன்னாளாம். லுணுகலையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக மூட்டை கட்டிய குடும்பத்தையும் அவள்தான் நிறுத்தினாளாம்.

ஞாயிறு மத்தியானம், எல்லோரும் வீட்டில் இருந்த நேரம், மலை இறங்கியது. மண்ணுக்குள் பதினேழு பேர். விஜயலெட்சுமியை நான்தான் அடையாளம் காட்டினேன். கை மட்டும் வெளியே தெரிந்தது. கொழுந்துக் கறை படிந்த அந்த விரல்கள் நத்தையை நோகாமல் தூக்குவதை எத்தனையோ தரம் பார்த்தவன் நான். விம்மி விம்மி அழுதேன். அது நடிப்பில்லை, ஐயா. இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

என் அறையில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். மலை இறங்கியதற்கு முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம், மேலே போனேன். வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போனது. அப்போது சொல்லியிருந்தால், கடிதம் என்னவாயிற்று என்று அவள் கேட்டிருப்பாள். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? பெரிய நத்தைகள் நாற்பதையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்து, லயத்து வாசல் வழியாகவே வந்தேன்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க சேர்," என்றாள். குடித்தேன்.

நாற்பதில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஆனால், மலை சரியும் என்று எனக்குத் தெரியாது, ஐயா.