கீழவைக் கதவு

உறுப்பினர்: திறம்மா கதவை! நான் யாருன்னு தெரியுதா, தெரியலையா?

காவலர்: தெரியுது சார்.

உறுப்பினர்: தெரிஞ்சுமா மரம் மாதிரி நிக்கிற? உள்ள ஓட்டெடுப்பு நடக்குது. ஆத்தங்கரையில என் ஜனங்க வீட்டை இடிக்கிற மசோதா! சட்டமன்ற உறுப்பினர் நான், நடையில நின்னு கத்திக்கிட்டிருக்கேன்.

காவலர்: மணி அடிச்சு நின்னுடுச்சு சார். நின்னா கதவைச் சாத்தணும். சாத்தின பிறகு நான் யாருக்கும் திறந்துவிடக் கூடாது. இந்தக் கதவுக்கு நிக்கிற காவலுக்கு அதுதான் வேலையே.

உறுப்பினர்: எனக்கே சட்டம் சொல்றியா? மூணு தடவை ஜெயிச்சு வந்தவன்மா நான்.

காவலர்: அதான் சார்... உங்களுக்குத் தெரியாததா?

மச்சான்: மாமா, முகம் விழல. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பித் தட்டுங்க.

காவலர்: தம்பி, இங்க போன்ல படம் எடுக்கக் கூடாது.

உறுப்பினர்: எடுக்கட்டும்! ஊரே பார்க்கட்டும்! மச்சான், ஓடுதா?

மச்சான்: ஓடுது மாமா.

உறுப்பினர்: மக்களே! உங்க பிரதிநிதியை வெளிய நிறுத்திக் கதவைப் பூட்டிட்டாங்க! உங்க குரல்வளையைப் பிடிச்சு... சத்தம் விழுதா?

மச்சான்: நல்லா விழுது. இன்னும் ரெண்டு தட்டு பலமா தட்டினீங்கன்னா...

காவலர்: தட்டாதீங்க சார். தட்டித் திறக்கிற கதவு இல்ல இது. உள்ள கேக்கவும் கேக்காது, அவ்வளவு கனம்.

உறுப்பினர்: நான் தட்டுவேன். கை உடைஞ்சாலும் தட்டுவேன்.

காவலர்: மணி அடிக்கும்போது எங்க சார் இருந்தீங்க? கட்டடம் பூரா கேக்குமே. கழிவறையில கூட ஒரு மணி வெச்சிருக்காங்க.

உறுப்பினர்: இதோ நிக்கிறாரே என் பொண்டாட்டியோட தம்பி, இவரைக் கேளு. உதவியாளரா வெச்சுக்கோன்னு என் தலையில கட்டினா. கீழவைன்னா கீழ்த்தளத்துலதான் இருக்கும்னு என்னைக் கீழ இழுத்துட்டுப் போயிட்டாரு துரை.

மச்சான்: பேரே கீழவைதானே அக்கா? கீழ போனா மேலவைன்னு எழுதியிருக்கு. மேலவை கீழ, கீழவை மேல! எந்தப் புண்ணியவான் கட்டினான் இதை?

காவலர்: நீங்க புதுசு தம்பி, உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. சார் புதுசா?

உறுப்பினர்: அவசரத்துல... இவன் முன்னாடி ஓடினான், நான் பின்னாடியே...

காவலர்: மூணு தடவை ஜெயிச்சவர், நேத்து வந்தவர் பின்னாடி.

உறுப்பினர்: என்ன, நக்கலா?

காவலர்: இல்ல சார். கேக்கத் தோணுச்சு, கேட்டேன்.

உறுப்பினர்: இந்த அவையோட அருமை உனக்கென்ன தெரியும்? மேலவைக்காரனெல்லாம் யாரோ பார்த்துப் போட்டு உள்ள வந்தவன். இது அப்படியா? ஜனங்க வெயில்ல நின்னு ஓட்டுப் போட்டு அனுப்புற இடம். அதனாலதான் இதுக்கு இத்தனை காவல்.

மச்சான்: ஜனங்க அனுப்பினதுக்குக் கீழன்னு பேரு, யாரோ போட்டதுக்கு மேலன்னு பேரா? நல்லாருக்கே நியாயம்!

உறுப்பினர்: நீ சும்மா இரு... இந்தக் கதவு எதுக்கு வந்துச்சு தெரியுமா? அந்தக் காலத்துல ஒரு உறுப்பினரை, ஓட்டெடுப்பு நடக்கும்போதே அவர் கட்சி ஆளுங்களே அலாக்கா தூக்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் மணி, கதவு, காவல் எல்லாம். உறுப்பினரைக் காப்பாத்த வெச்ச கதவு. அதை என் மூஞ்சியிலயே சாத்துறீங்க!

காவலர்: இந்தக் கதை எங்களுக்கும் பயிற்சியில சொன்னாங்க சார். ஆனா தானா வெளிய நிக்கிறவரை என்ன பண்றதுன்னு சொல்லித் தரல.

உறுப்பினர்: வார்த்தையை அளந்து பேசு! தானாவா நிக்கிறேன்?

மச்சான்: அதானே! மாமா மேல தப்பே இல்ல அக்கா. நான் சொன்னேன், மாமா மணி அடிக்குதுன்னு. டீ ரொம்பச் சூடா இருக்கு, ஆறட்டும்னாரு...

உறுப்பினர்: டேய்.

மச்சான்: ...ஆறினதும் குடிச்சிட்டு, அப்புறம் வழி காட்டுடான்னாரு...

உறுப்பினர்: வாயை மூடுறியா? இதெல்லாம் பதிவாகுதா? அழி அதை!

மச்சான்: அழிச்சா நீங்க தட்டினதும் போயிடுமே மாமா.

காவலர்: டீ ஆறிச்சா சார்?

உறுப்பினர்: இந்தாம்மா... நீ யாருகிட்ட பேசிக்கிட்டிருக்கன்னு ஞாபகம் இருக்கட்டும்.

காவலர்: நல்லாவே ஞாபகம் இருக்கு. தம்பி, காலையில கொறடா அறைக்கு நீங்களும் கூடப் போனீங்கல்ல? நான்தானே உள்ள விட்டேன்.

மச்சான்: ஆமாக்கா. அந்தாளுக்கு என்னா கோவம்! கட்சி சொல்றபடி 'ஆம்'னு எழுந்து நிக்கணும், 'இல்லை'ன்னு நின்னா பதவியே காலின்னுட்டாரு. மாமா கல்லு மாதிரி நின்னாரு. நான்தான் அவர் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்.

காவலர்: ஆத்தங்கரைக் கூட்டத்துல என்ன சொன்னாரு?

மச்சான்: மாமாவா? அட, அது பெரிய பேச்சாச்சே! என் பதவியே போனாலும் 'இல்லை'ன்னுதான் எழுந்து நிப்பேன்...

காவலர்: 'உங்க வீட்டுச் சுவத்துல கை வைக்கணும்னா என்னைத் தாண்டித்தான் வைக்கணும்.' முன்வரிசையில நின்னு கை தட்டினேன் சார்.

உறுப்பினர்: நீ... ஆத்தங்கரையா?

காவலர்: பொறந்தது, வளர்ந்தது எல்லாம். அக்கா இன்னும் அங்கதான் இருக்கா.

உறுப்பினர்: அட... நம்ம ஜனமா! முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?

காவலர்: சொல்லியிருந்தா?

மச்சான்: இன்னும் நல்லா தட்டியிருப்பாரு அக்கா.

உறுப்பினர்: என் பதவி போனா உங்களுக்கு யாரும்மா இருக்கா? யோசிச்சுப் பாரு. நான் இருந்தாத்தானே நாளைக்கு ஒரு மாற்று இடம், ஒரு நிவாரணம்னு கேக்க முடியும்?

காவலர்: இன்னும் எண்ணி முடிக்கல. அதுக்குள்ள நிவாரணத்துக்குப் போயிட்டீங்களே சார்.

உறுப்பினர்: இல்லம்மா, ஒரு பேச்சுக்கு...

காவலர்: சத்தம் போடாதீங்க. ஸ்பீக்கர்ல சொல்லப்போறாங்க.

மச்சான்: எந்த ஸ்பீக்கர்? சுவத்துல இருக்கிறதா, நாற்காலியில இருக்கிறவரா?

காவலர்: அவர் பேசுறது இதுல வருது. கேளுங்க.

மச்சான்: என்னது... சமம்னாரா?

காவலர்: சமம்.

மச்சான்: ஆமும் இல்லையும் ஒண்ணுக்கு ஒண்ணா? அப்ப என்ன பண்ணுவாங்க?

காவலர்: சபாநாயகர் சும்மா ஓட்டுப் போட மாட்டாரு. சமமா வந்தா மட்டும் போடுவாரு... போட்டுட்டாரு.

மச்சான்: எதுக்கு?

காவலர்: 'ஆம்'க்கு. மசோதா நிறைவேறிடுச்சு.

மச்சான்: மாமா... ஒரே ஒரு ஆள். உள்ள ஒரே ஒரு ஆள் கூட இருந்து 'இல்லை'ன்னிருந்தா...

உறுப்பினர்: தெரியுதுடா! எனக்குத் தெரியாதா?

காவலர்: இனிமே நோட்டீஸ் கூட ஒட்ட வேணாம் சார். காலையில இடிக்கிற வண்டி வந்து நின்னாப் போதும். எங்க அக்கா கூரைக்கு இப்பதான் தகரம் மாத்தினா. வேணாம்னுதான் இருந்தா, மசோதா வருதாமேன்னு பயந்துக்கிட்டு. நான்தான் சொன்னேன், மாத்துக்கா, நம்ம ஆளு உள்ள இருக்காரு, விடமாட்டாருன்னு. நம்ம ஆளு! இந்த வாயாலதான் சொன்னேன்.

உறுப்பினர்: நான் என்னம்மா பண்ணுவேன்? என் கையைக் கட்டிட்டாங்களே! மச்சான், ஓடுதா? முகத்துக்குக் கிட்ட வா. மக்களே! ஒரே ஒரு ஓட்டு. அந்த ஓட்டு என்கிட்ட இருந்துச்சு. ஒரு பூட்டு, ஒரே ஒரு பூட்டு உங்க வீட்டைப் பறிச்சிடுச்சு! நான் தட்டாத தட்டா? கை வீங்கிப் போச்சு, பாருங்க!

மச்சான்: கண்ணு கலங்குது மாமா, அப்படியே இருங்க.

உறுப்பினர்: இதோ, ஆத்தங்கரைச் சகோதரி ஒருத்தி பக்கத்துலயே நின்னு பார்த்தாங்க. சொல்லும்மா. நான் எப்படித் துடிச்சேன்னு நீயே உன் வாயால சொல்லு.

காவலர்: சொல்லணுமா சார்?

உறுப்பினர்: தைரியமாச் சொல்லு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாம நான் பார்த்துக்கறேன்.

காவலர்: தம்பி, போன் ஓடுதா?

மச்சான்: ஓடுதுக்கா. உங்களைத்தான் எடுக்கறேன்.

காவலர்: இந்தக் கதவை நான் பூட்டவே இல்ல. மணி நின்னதும் சும்மா சாத்தி வெச்சேன், சாவி இடுப்பை விட்டு இறங்கவே இல்ல. தெரிஞ்சா வேலை போகும், போனாப் போகுது, நம்ம ஆளு வந்து உள்ள நுழைஞ்சிடட்டும்னுதான் நின்னேன். வெளிப்பக்கமா திறக்கிற கதவு சார் இது, மூணு தடவை ஜெயிச்ச உங்களுக்குத் தெரியாததில்ல. அவ்வளவு நேரம் தட்டினீங்களே... கைப்பிடியை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தீங்களா?