ஒரு பல் ஒடிந்த பாட்டுப்பெட்டி

மணி பதினொன்றரை. கடைசி பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு, கிடங்குகளுக்குப் பின்னால் போகும் சாலையில் தனியாக நடந்து வருகிறார் என் தோழியின் சித்தப்பா. ஒரு கம்பத்தில்கூட விளக்கு இல்லை. மழை விட்ட தாரின் வாசனை... தூரத்தில் அவர் வீடு. அதுவும் இருட்டு.

அந்த இருட்டுக்குள்ளிருந்து பாட்டு வருகிறது.

சாவி கொடுத்தால் பாடும் சின்ன மரப்பெட்டி அது. பழைய சாமான் கடையில் சித்தி ஆசைப்பட்டு வாங்கியது. உள்ளே முள் வைத்த பித்தளை உருளை சுற்றும். முட்கள் எஃகுச் சீப்பின் பற்களைத் தட்டத் தட்டப் பாட்டு எழும். சீப்பில் ஒரே ஒரு பல் ஒடிந்திருந்தது. அந்த இடம் வந்தால் சத்தம் வராது. சித்தியே வாயால் “ம்” என்று போட்டு நிரப்பிவிடுவார்.

“வர்ற ஞாயித்துக்கிழமை சரி பண்ணிடறேன்” என்பார் சித்தப்பா.

“எந்த வருஷத்து ஞாயித்துக்கிழமை?” என்பார் சித்தி.

பிள்ளைகள் இல்லாத வீடு. அவர்களுக்குக் கொஞ்சல், சண்டை எல்லாம் இதுதான்.

சித்தி இறந்து அன்றைக்கு ஒரு மாதம்.

கதவைத் திறந்தார். மேஜைமேல் பெட்டி தானாகப் பாடிக்கொண்டிருந்தது. சித்தி போடும் சோப்பின் வாசனை, ஈரக் கூந்தல்... அந்த இடம் வந்தது.

ம்.

“விளக்கை அணைச்சுட்டுப் போன கழுதை யாருடி?” என்றார் சித்தப்பா இருட்டைப் பார்த்து.

“நீங்கதான். பேசாம கேளுங்க” என்றது சித்தியின் குரல்.

சித்தப்பா பயப்படவில்லை. தினமும் அந்தக் குரல் வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை, அதனால்தான் பாவம் அலைகிறாள் என்று நினைத்துக்கொண்டார். பழைய கடிகார ஸ்பிரிங்கில் ஒரு துண்டு வெட்டினார். இரவில் சித்தியின் “ம்”மைக் காதில் வாங்கிக்கொள்வார். பகலில் அந்தத் துண்டை மேஜை விளிம்பில் அழுத்திப் பிடித்துத் தட்டிப் பார்ப்பார், அரத்தால் ராவுவார். கர்ர்... கர்ர்... அவள் சுருதி அப்படியே வரும்வரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒடிந்த இடத்தில் அதைப் பற்றவைத்தார். சாவி கொடுத்தார்.

பெட்டி பாடியது. அந்த இடத்தில் புதுப் பல் டிங் என்றது.

அதோடு சித்தி வரவில்லை.

“போட்ட பல்லை ஒடிச்சிட்டேம்மா. அப்பவும் வரல” என்றார் தோழியிடம். அவள் பாட இடம் போதவில்லையோ என்று பக்கத்துப் பல்லையும் ஒடித்தார். பிறகு அதற்கடுத்தது. கடைசியில் சீப்பே மொட்டையானது.

அன்று தோழி சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். சித்தப்பா சாவி கொடுத்தார். உருளை வெறுமனே சுற்றியது. சர்ர்ர்... பிறகு சித்தியின் குரல். பாட்டையே முணுமுணுக்கத் தொடங்கியது. பழைய இடம் வந்ததும் நின்றது. உருளையும் நின்றது.

“எனக்குன்னு விட்டு வெச்சிருக்கா” என்றார் சித்தப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டு, “ம்” என்றார்.

உருளை நகர்ந்தது.

ஒரு வருடம் இருவரும் அப்படித்தான் பாடினார்கள். போன மாதம், தூக்கத்திலேயே சித்தப்பா போய்விட்டார். “அவகிட்டயே போய்ச் சேந்துட்டாரு” என்று உறவுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தோழியும் அப்படி நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டாள். பெட்டியைக் கொண்டுவந்து தன் அலமாரியில் வைத்தாள்.

இப்போது யாரும் சாவி கொடுப்பதில்லை. ஆனாலும் பதினொன்றரை ஆனால்... சர்ர்ர். சித்தி பாடுகிறார். அந்த இடத்தில் நிறுத்துகிறார். விடியும்வரை அப்படியே...

நேற்று தாங்க முடியாமல் தோழியே “ம்” என்று சொல்லிப் பார்த்தாளாம்.

உருளை நகரவில்லை. அலமாரிக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல்...

“அவரு இன்னும் வரலையா?”