வரிசையை இரண்டாக்காத ஹயாத் தியாப் அவர்களுக்கு

லெபனானில் சைதாவின் கடற்காற்றும் நம் பாலஸ்தீன அகதி முகாமின் சந்துகளும் முப்பத்து நான்கு ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய கண்டிப்பான குரலுக்கு உரியவரே, பசித்து வந்தவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பகிர்ந்து கொடுப்பதில் பக்கம் பாராத பண்பாளரே, உணவு விநியோக நிலையத்தின் பொறுப்பாளரும் எங்கள் பெருமைக்குப் பொறுப்பாளருமான, 'சித்', அதாவது அம்மையார், என்று நாங்கள் அழைக்கும் ஹயாத் அவர்களே, உங்கள்மீது அமைதி நிலவட்டும்.

இருபத்தாறு வயதில் பதிவு எழுத்தராக உள்ளே வந்தீர்கள், இன்று பணி ஓய்வு பெற்று விடைபெறுகிறீர்கள். முகாமுக்குள் துப்பாக்கிகள் பேசிய நாட்களில் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பருப்பு அளந்தீர்கள். எங்கோ ஒரு நாட்டின் பாராளுமன்றத்தில் கைகள் உயர்ந்தால் இங்கே மாவு வரும், கைகள் தாழ்ந்தால் இங்கே அடுப்பு தாழும் என்பதை எங்கள் எல்லோருக்கும் முன்பே புரிந்துகொண்டு, உதவும் அரசுகளின் ஒப்பந்தங்களை ஒரு வரி விடாமல் படித்தீர்கள். சீனி போடாத காபியைக் குடித்துக்கொண்டு எங்கள் கடிதங்களில் பாதியை அடித்துத் திருத்தினீர்கள். இந்த மடலையும் திருத்தத்தான் உங்கள் கை துடிக்கும். இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குணங்களை அடுக்க நாங்கள் முயன்றோம். அடுக்க அடுக்க அந்த ஒரே இலையுதிர்காலத்தின் நினைவுதான் வந்தது. அதற்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களும் இங்கே இருப்பதால் அதைச் சொல்கிறோம்.

தெற்கில் போர் மூண்டபோது எல்லையோர லெபனான் கிராமத்தார் கையில் கிடைத்ததோடு வடக்கே ஓடி வந்தார்கள். நாற்பத்தோரு குடும்பங்கள் நம் முகாமின் பள்ளிக்கூடத்தில் தங்கின. அகதி முகாமுக்கே அகதிகள் வந்தார்கள். விநியோக நாளன்று அவர்களில் சிலர் மதிலோரம் ஒதுங்கி நின்றதைக் கண்டு நீங்களே இறங்கிப் போனீர்கள். புகையிலை விவசாயி அபு முஸ்தபா தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்ககிட்ட பதிவு அட்டை இல்லம்மா. நாங்க கேக்க வரல. எங்க ஊர்ல யார்கிட்டயும் கை நீட்டினவங்க இல்ல நாங்க."

"எங்க அப்பாவும் இதையேதான் சொன்னாராம், நாப்பத்தெட்டுல பாலஸ்தீனத்தை விட்டு வந்தப்போ," என்றீர்கள். "போய் வரிசையில நில்லுங்க."

கிடங்குக் காப்பாளர் நிசார் உங்கள் வழியை மறித்தார். "சித், இது நமக்கு உதவுற அந்த வெளிநாட்டு அரசு கொடுத்த மாவு. பதிவு செஞ்ச பாலஸ்தீன அகதிகளுக்கு மட்டும்னு எழுதியிருக்கு."

"தெரியும். அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டதே நான்தான்."

ஆனால் எடுத்தவுடன் அள்ளிக் கொடுத்துவிடவில்லை நீங்கள். மூட்டைமேல் ஏறி நின்று, வரிசையில் நின்ற அறுநூறு குடும்பத்தாரிடம் கேட்டீர்கள். "இது உங்க பங்கு. பகிர்ந்துக்கிட்டா ஆளுக்குக் கொஞ்சம் குறையும். மனசில்லாதவங்க இடப்பக்கம் வாங்க, முழுசா வாங்கிட்டுப் போங்க. யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்." இரண்டே பேர் இடப்பக்கம் வந்தார்கள். முழுப் பங்கையும் மரியாதையோடு பெற்றுச் சென்றார்கள். அவர்களில் ஒருவர் நிசாரின் மாமியார் என்பதை அவர் அனுமதியோடு இங்கே பதிவு செய்கிறோம்.

அடுத்த மாதமே இடி விழுந்தது. தங்கள் உதவி உரியவர் கைக்குத்தான் போகிறதா என்று அந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் பெரும் வாதம் எழுந்தது. விசாரணை முடியும்வரை அடுத்த கப்பலை நிறுத்திவைத்தார்கள். நேரில் பார்த்து எழுத மாரித் என்ற அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

அன்று மதியம் கிடங்கில் நாங்கள் எல்லோரும் உங்களைச் சூழ்ந்துகொண்டோம். பதிவுப் பிரிவு ரூலாதான் முதலில் சொன்னார்: "அவங்களுக்குக் கொடுத்த மாவு மழையில நனைஞ்சு கெட்டுப்போச்சுன்னு எழுதிடலாம் சித். அந்த வாரம் மழை பெஞ்சது உண்மைதானே? கூரையும் ஒழுகுது."

"கூரை ஒழுகுறதுக்குத் தனியா ஒரு கடிதம் எழுதுவோம். இதுக்கு நடந்ததையே எழுதுவோம்."

"அப்புறம் அவங்க நிரந்தரமா நிறுத்திட்டா?"

"நிறுத்தலாம்."

அப்போதுதான் நிசார் அந்தச் சொல்லைச் சொன்னார். "எங்க வீட்ல ஏழு பேரு. உங்க நேர்மைய வேக வச்சுத் திங்க முடியாது சித்." இதை மறைக்காமல் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டவரும் நிசார்தான். எங்களில் ஒருவர்கூட அன்று உங்கள் பக்கம் நிற்கவில்லை. இரண்டு நாட்கள் உங்கள் மேசைக்கு யாரும் காபி கொண்டுவரவில்லை. நீங்களே போட்டுக் குடித்தீர்கள்.

மாரித் வந்து அமர்ந்து குறிப்பேட்டைத் திறப்பதற்குள் நீங்கள் தொடங்கிவிட்டீர்கள். "நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்." நாற்பத்தோரு குடும்பங்களையும் சொன்னீர்கள், இடப்பக்கம் வந்த இரண்டு பேரையும் சொன்னீர்கள், எல்லாவற்றையும் எழுதிய கடிதத்தையும் கையில் கொடுத்தீர்கள்.

"விதிமுறை தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"ஒவ்வொரு வரியும் தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"பங்குக்காரங்ககிட்ட கேட்டேன், அவங்க சம்மதிச்சாங்க. நான் சொல்றதை நம்ப வேண்டாம். வெளிய போய் யாரை வேணும்னாலும் கேளுங்க. நான் கூட வரல."

மாரித் மூன்று நாட்கள் முகாமின் சந்துகளில் தனியே நடந்தார். குறிப்பேட்டை மூடிக்கொண்டு ஊர் திரும்பினார்.

பிறகு ஆறு வாரங்கள் எதுவும் வரவில்லை. கிடங்கில் எங்கள் காலடியே எதிரொலித்தது. கொடுக்க ஒன்றும் இல்லாத நிலையத்தை நீங்கள் காலை ஏழு மணிக்குத் திறந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். வந்தவர்கள் திட்டினார்கள். மதிலோரம் நின்றவர்களுக்கு மாவு கொடுத்த உங்களை, அன்று சம்மதித்தவர்களே திட்டினார்கள். வீட்டுக்குப் போங்கள் என்று நாங்கள் கெஞ்சியபோது, "திட்டறதுக்கு அவங்களுக்கு ஒரு முகம் வேணும். அந்த வெளிநாட்டுக்கா போய்த் திட்டுவாங்க?" என்றீர்கள். நான்காவது வாரம் உங்கள் மேசைமேல் முதல் காபியை வைத்தவர் ரூலா. அதற்குள் எங்களுக்கு உங்கள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. உங்களைத் தனியே விட்டோமே என்ற வெட்கம்தான் மிஞ்சியது.

ஏழாவது வாரம் பதில் வந்தது. நிசார்தான் அதை உரக்கப் படித்தார். "எங்கள் பார்வையாளர் கேட்ட ஒவ்வொன்றும் உங்கள் கடிதத்தில் ஏற்கெனவே இருந்தது, உங்களுக்கு எதிரானவை உட்பட. ஆகவே மற்றவற்றையும் நம்புகிறோம்" என்று எழுதியிருந்தார்கள். கப்பல் புறப்பட்டது. அதைவிடப் பெரிது, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்தது: "முகாமில் தஞ்சம் புகுந்த எவருக்கும்." உலகத்து ஒப்பந்தங்களை எல்லாம் நாங்கள் அறியோம். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரியைச் சேர்த்தவர் நீங்கள்.

பொய் சொல்லியிருந்தால் அந்த மாதம் ஒருவேளை தப்பித்திருப்போம். நாற்பத்தோரு குடும்பங்களை நனைந்த மூட்டைகளாக எழுதியிருப்போம். அவர்கள் போர்நிறுத்தத்தன்று தங்கள் ஊருக்குத் திரும்பியபோது எங்களால் நிமிர்ந்து நின்று கையசைக்க முடிந்ததே, அந்தத் தலைநிமிர்வு நீங்கள் எங்களுக்குச் சேர்த்துக் கொடுத்த சொத்து. இன்று எங்கே வேலை செய்கிறாய் என்று எவர் கேட்டாலும், "ஹயாத் தியாபின் நிலையத்தில்" என்கிறோம். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

அன்புக்குரிய சித் ஹயாத் அவர்களே, இனி விடியலில் எழ வேண்டாம். கடற்கரையில் நடந்து, மொச்சைப் பயறு ஃபூல் விற்கும் கடையில் உட்கார்ந்து நிதானமாக உண்ணுங்கள். பேரப்பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தில் பாதியை அடித்துத் திருத்துங்கள். உங்கள் கண்கள் ஒளி குன்றாதிருக்கட்டும். கொடுத்துச் சிவந்த உங்கள் கைகள் நலமாயிருக்கட்டும்.

நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துவது மரபு. நாங்கள் ஆண்டுக் கணக்கில் வாழ்த்தவில்லை. முகாமின் மக்கள் யாவரும் தத்தம் ஊர் திரும்பி, வரிசையில் நிற்க ஒருவரும் இல்லாமல் இந்த நிலையத்தை மூடும் நாளைக் காணும்வரை நீங்கள் வாழவேண்டும் என்று இறைவனை வேண்டுகிறோம். அன்று நாங்கள் அனைவரும் ஒரே நாளில் ஓய்வு பெறுவோம்.

நிசார், ரூலா மற்றும் உங்கள் திருத்தங்களால் ஆளான
விநியோக நிலையப் பணியாளர்கள் அனைவரும்,
சைதா