பிஸ்கட் டின்னில் அறுபத்தெட்டு முடிவுகள்

புத்தகம் ஒட்டுகிற பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கிரிகரி அங்கிள் நடத்தும் வாடகை நூலகத்தில் பசை காய்ச்சுவதும் கிழிந்த புத்தகங்களைத் தைப்பதும் என் வேலை. பள்ளியில் படிவம் மூன்று படிக்கும்போது, ஆங்கில வாய்மொழிச் சோதனைக்கு எழுந்து நின்றேன். என் பெயரே வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை. இங்கே பின்னறையில் யாரோடும் பேசவேண்டியதில்லை. கையில் நாள் முழுக்கப் பிளேடு இருக்கும்; யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன மாயாஜால நாவல்களும் விண்வெளி நாவல்களும் அலமாரி நிறைய உண்டு. எல்லாம் படித்திருக்கிறேன். வேற்றுக்கிரகத்தார் ஏன் கிள்ளானில் இறங்குவதே இல்லை என்று தெரியவில்லை. துறைமுகத்தில் இடம் தாராளமாக இருக்கிறது. மூவாயிரமாவது ஆண்டிலும் விண்கலத்தில் காப்பி கலக்குகிறவள் பெண்தான். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். முடிவைத்தான் பொறுக்க முடியாது. எண்ணூறாம் பக்கத்தில் செத்த இளவரசன் கடைசிப் பக்கத்தில் ஏதோ சுனைத் தண்ணீர் குடித்து எழுந்து உட்காருவான்.

அதனால் வெட்டினேன். கடைசி ஐந்தாறு பக்கம்தான். வெட்டியதைக் கிழிக்கவில்லை, பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறேன். கிரிகரி அங்கிள் கரையானைச் சந்தேகித்து அலமாரிக்கெல்லாம் மண்ணெண்ணெய் அடித்தார்.

வாசகர்கள் பின்னறைக்கு வந்தார்கள். "நீ படிச்சிருப்பியே, என்னதான்லா ஆச்சு?" என் வாய் திறந்துகொண்டது. ஒரு நாவலில் வரும் இயந்திர மனிதனுக்குக் கல்யாணம் ஆனது என்று சந்திரகலா டீச்சரிடம் சொன்னேன். அவனை எரித்துவிட்டார்கள் என்று பேங்க் ராதாகிருஷ்ணனிடம் சொன்னேன். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்பில் சண்டை போட்டார்களாம். இரண்டு முடிவுமே அச்சில் இருந்ததைவிட நன்றாக இருந்தன. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சீவரத்தினம் அங்கிள் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் படித்தது மூன்று பாக நாவல். கடல் வற்றிப்போன உலகத்தில் ஒரு படகோட்டி கடலைத் தேடி நடக்கிறான். மூன்றாம் பாகத்தின் கடைசி ஐந்து பக்கம் என் டின்னில் இருந்தது. அதில் அவன் படகில் கண்விழிக்கிறான், எல்லாம் கனவாம். மஸ்ஜித் இந்தியா புத்தகக் கடைகள் வரை தேடியும் அவருக்கு வேறு பிரதி கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கோயில் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் திருநீறோடு வருவார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "என்ன பிள்ளை, இண்டைக்காவது கடல் கிடைக்குமோ?" என்பார். படகோட்டி வாரத்துக்கு ஒரு மலை, ஒரு பாலைவனம் கடந்ததாகச் சொன்னேன். அவர் சிரிப்பார். என்னைப் பார்த்து அப்படி யாரும் சிரித்ததில்லை.

ஏப்ரலில் அவருக்கு இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். "முடிவைச் சொல்லு பிள்ளை. கேட்டிட்டு நிம்மதியாப் போறன்."

"அடுத்த வெள்ளி, அங்கிள்."

அவர் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டார். அடுத்த வெள்ளியும் அதையே சொன்னேன், மறுபடியும் தள்ளிப்போட்டார். மூன்றாவது முறை நாள் குறிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தள்ளிப்போடச் சொல்லி நான் கேட்கவில்லை. படித்த மனிதர், அவரே எடுத்த முடிவு.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் கழிந்து, அவர் மனைவி பூரணம் ஆன்டி புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியிலயும் அந்தப் படகுக்காரன்ர கதைதான் பிள்ளை. அவனுக்குக் கடைசியில கடல் கிடைச்சுதோ?"

டின் என் காலடியில்தான் இருந்தது. அந்த ஐந்து பக்கமும் மேலேயே இருந்தன. துக்கத்தில் இருக்கிறவரிடம் எல்லாம் கனவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை.

"அது பெரிய கதை, ஆன்டி. வெள்ளிக்கிழமை வாங்க."

இன்று வியாழன். நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டேன்.